கன்னிமார் வீட்டுக் கூறை

கரண்டிப் பாலை வீரம்மாளின் உதட்டுக்குள் சாய்த்தார் அம்மாசி. உள்ளே போகாமல் கன்னத்தில் வழிந்தது. துண்டால் துடைத்துவிட்டு மறுபடியும் சாய்த்தார். பெண்டாட்டியை வீட்டுக்கே கொண்டுபோகச் சொல்லி ஆஸ்பத்திரியில் அனுப்பியதிலிருந்து அவளுக்கு மூச்சு இழுத்துக்கொண்டேதான் இருந்தது.

"மாமா, பெட்டியத் தெறங்க," என்றான் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்திருந்த மச்சினன் சின்னையன். "கூறையக் குடுக்காம அக்கா எப்புடிப் போகும்?"

வீரம்மாள் வம்சத்துக்கு இப்படி ஒரு பேச்சு. கொள்ளிடத்தில் குளிக்க இறங்கிய கன்னிமார் ஏழு பேரில் ஒருத்தியின் சேலையை இவர்கள் பாட்டன் எவனோ ஒளித்துவைத்துக்கொண்டானாம். பறக்க வழியில்லாமல் அவனுக்கே வாழ்க்கைப்பட்டாளாம். அதனால் அந்த வீட்டுப் பெண்ணைக் கட்டுகிறவன் தாலி கட்டிய அன்றே கூறைச்சேலையை அவளிடமிருந்து வாங்கிப் பூட்டிவிட வேண்டும். அவன் கையால் திருப்பிக் கொடுத்தால்தான் அவளுக்கு உயிர் பிரியும். உறையூர்த் தெருவும் சும்மா இருக்கவில்லை. வீரம்மாள் நடந்தால் ஈரத்தில் தடம் விழாது என்று சொல்லிக்கொண்டு திரிந்தது.

"போடா. அவ பித்தவெடிப்புக்குக் களிம்பு வாங்கியே ஓஞ்சவன் நான். கன்னிமாருக்கு எங்கடா பித்தவெடிப்பு?"

"பொய்யாவே இருக்கட்டும்ணே," என்றாள் சின்னையன் பெண்டாட்டி அனுசுயா. "பொய்தானே, எடுத்துப் போத்துறதுக்கு என்ன?"

அம்மாசி ரேஷன் கடைத் தராசைக்கூட நம்பாத மனுஷன். ஆனால் சாவி அவர் அரைஞாணில்தான் கிடந்தது, கல்யாணத்திலிருந்து.

வீரம்மாளின் தொண்டையில் கரகரவென்று ஏதோ உருண்டது. விரல்கள் பாயைப் பிறாண்டின.

"கஷ்டப்படுத்தாதீங்க மாமா."

"நானாடா கஷ்டப்படுத்துறேன்?"



அம்மாசி எழுந்தார். பூட்டு வர மறுத்தது. இரண்டு கையாலும் இழுத்தார். அரக்குச் சேலை மடிப்பு மடிப்பாக இற்றுப்போயிருந்தது. கழுத்துவரை போர்த்திவிட்டார்.

"இந்தா புள்ள. ஒன்னோடது."

ஒன்றும் ஆகவில்லை. மூச்சு முன்னைப்போலவே இழுத்தது. அம்மாசி சின்னையனைத் திரும்பிப் பார்த்தார். "பாத்தியாடா?" என்றார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்த முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

அவர் மறுபடியும் இந்தப் பக்கம் திரும்பியபோது மூச்சு நின்றிருந்தது.

அனுசுயா தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். சின்னையன் உறவுக்காரர்களுக்குப் போன் போட்டான். குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்ல, யாரும் தடுப்பதற்குள் அம்மாசி குடத்தோடு தெருக்குழாய்க்குப் போய்விட்டார்.

குடம் நிறைந்து வழிந்தது. அவர் எடுக்கவில்லை. பின்னால் நின்றவள் சண்டைக்கு வாயெடுத்தாள். வேட்டி முழங்கால்வரை நனைவது தெரியாமல் அவர் நிற்பதைப் பார்த்துவிட்டு, தானே கையை நீட்டிக் குழாயை மூடினாள்.