மூட்டைக்கு முந்தும் முதுகு

பாலக்கரை அரிசி மண்டியில் எட்டு லோடுமேன்களின் இடுப்பில் இர்பானா சென்சார் ஒட்டிப் பார்த்ததில், ஏழு பேருக்கு ஒரே மாதிரி வரைபடம் வந்தது. லாரி மேலிருப்பவர் மூட்டையை முதுகில் இறக்கியதும், நொடியில் பத்தில் ஒரு பங்கு கழித்து இடுப்புத் தசை விழித்துக்கொள்ளும். பிச்சமுத்துவுக்கு மட்டும் மூட்டை வருவதற்கு முன்பே விழித்துவிட்டது.

"சென்சார் பழுதா இருக்கும், மாத்திப் பாரு" என்றார் அவளுடைய ஆராய்ச்சி வழிகாட்டி பிரேமலதா. ஸ்ரீரங்கத்தில் அவர் வீட்டுக்கே போய் இர்பானா லேப்டாப்பைக் காட்டியபோது சொன்னது அது. மறுநாள் சென்சாரை மாற்றினாள். அதே கதைதான்.

இர்பானா ஐந்து வருஷம் பிசியோதெரபிஸ்டாக இருந்துவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவள். எத்தனையோ முதுகுகளைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

"அண்ணே, மூட்டை வரப்போகுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியுது?"

"எனக்கென்ன தெரியும் மேடம்? திரும்பித்தானே நிக்கிறேன்."

ஒருவேளை நிழல் தெரிகிறதோ? கண்ணைத் துண்டால் கட்டினாள். மேலே மூட்டை தூக்கும் மருதை முக்குகிற சத்தமோ? காதில் பஞ்சை அடைத்தாள். கண்ணும் காதும் அடைபட்ட பிச்சமுத்துவைச் சுற்றி மண்டியே கூடி நின்று சிரித்தது. அவர் முதுகு அப்போதும் முந்திக்கொண்டது.

மூன்றாம் நாள் செல்போனில் எடுத்த வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோதுதான் அவருடைய இடது கை கண்ணில் பட்டது. ஒவ்வொரு முறையும் அது லாரியின் பலகையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"அண்ணே, இந்தத் தடவை ரெண்டு கையையும் இடுப்புல வெச்சுக்கங்க. மருதை அண்ணே, சின்ன மூட்டையா குடுங்க."

இருபத்தைந்து கிலோதான். அதற்கே பிச்சமுத்து இரண்டடி முன்னால் தடுமாறினார். மருதை மேலிருந்து எட்டி மூட்டையைப் பிடித்துக்கொண்டார். "என்னடா, புதுசா வந்தவன் மாதிரி ஆடுற?"

இர்பானா திரையைப் பார்த்தாள். தசை இப்போது தாமதமாகத்தான் விழித்திருந்தது. பலகையிலும் ஒரு சென்சாரை ஒட்டிவிட்டு, கையை அதன்மேல் வைக்கச் சொன்னாள். மருதை காலை அழுத்தி ஊன்றியதும் பலகை லேசாக அதிர்ந்தது. அந்த அதிர்வை அடுத்து பிச்சமுத்துவின் தசை இறுகியது. அதற்குப் பிறகுதான் மூட்டை இறங்கியது.

வரைபடத்தில் மூன்று மேடுகளையும் அவருக்கு விரலால் காட்டினாள். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இருபது வருஷமா இத எனக்கே தெரியாம செஞ்சிட்டிருக்கேனா?"

"ஆமாண்ணே."

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உடனே மற்றவர்களையும் கூப்பிட்டுப் பலகையில் கைவைக்கச் சொன்னார். பூவரசனுக்கு நாலாவது மூட்டையிலேயே தசை முந்தியது. ரெஜிஸ் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முப்பது மூட்டை சுமந்தும் வரைபடம் மாறவில்லை.

"இறுக்கிப் பிடிச்சா தெரியாது போல. தொட்டும் தொடாம வெச்சுப் பாருடா" என்றார் பிச்சமுத்து.

அது இர்பானாவுக்குத் தோன்றாத யோசனை. நோட்டில் எழுதிக்கொண்டாள். ரெஜிஸ் பிடியைத் தளர்த்தி விரல்நுனியை மட்டும் வைத்துக்கொண்டு நின்றார். மருதை அடுத்த மூட்டையைத் தூக்கினார். எல்லோரும் லேப்டாப் பக்கம் நெருங்கி நின்றார்கள்.