பொட்டு வைக்காத பம்பு

1986 ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையிலிருந்து, வேலப்பன்சாவடியைத் தாண்டி நூம்பலுக்குத் திரும்பும் முனையில் இருந்த கஜபதியின் பெட்ரோல் பங்கில், இரண்டாம் பம்பு நல்ல சேதி சொன்னவருக்கு மட்டும்தான் பெட்ரோல் ஊற்றியது. காசை முன்கூட்டியே நீட்டினாலும் சரி, கெஞ்சினாலும் சரி, சேதி வராமல் ஒரு சொட்டு இறங்காது. முதல் பம்பு டீசல். அதற்கு இந்த வம்பெல்லாம் கிடையாது.

தப்பு கஜபதியுடையதுதான். பூஜையன்று சந்தனக் கிண்ணமும் குங்குமமுமாகப் பங்கைச் சுற்றி வந்தவர், டீசல் பம்புக்கு வைத்தார், காற்றடிக்கும் மிஷினுக்கு வைத்தார், மணல் வாளிக்கும் புகை பிடிக்காதே பலகைக்கும் வைத்தார், வாசலில் படுத்திருந்த நாயைக்கூட விடவில்லை. சூடத்தை மட்டும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் ஏற்றினார்கள், பங்க் ஆயிற்றே. அந்த நேரம் பார்த்து ஒரு சாம்பல் நிற ஸ்கூட்டர் இரண்டாம் பம்பை மறைத்துக்கொண்டு நின்றது. பேச்சு சுவாரசியத்தில் கஜபதி பம்புக்கு எடுத்த சந்தனத்தை ஸ்கூட்டர் ஹெட்லைட்டில் அப்பிவிட்டுப் போய்விட்டார். வருஷம் பூராவும் உழைத்த பம்புக்கு எப்படி இருக்கும்? நாய்க்குப் பொட்டு, தனக்கு இல்லை! மறுநாள் பதறிக்கொண்டு வந்து வைத்துப் பார்த்தார். சந்தனம் ஒட்டாமல் வழிந்து கீழே விழுந்தது. அடுத்த ஆயுத பூஜைவரை பொறுத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

கம்பெனியிலிருந்து வந்த மெக்கானிக் பம்பைக் கழற்றி மாட்டி, கோளாறு எதுவும் இல்லை என்று கையைத் துடைத்துக்கொண்டார். "எங்க மாமியார் காலைலதான் ஊருக்குப் போனாங்க" என்று யாரிடமோ சாதாரணமாகச் சொன்னார். பம்பு கொட்டு கொட்டென்று கொட்டியது. பொய் சொன்னால் மட்டும் புஸ்ஸென்று காற்று வரும். மகன் பத்தாவது பாஸ் என்று ஒருவர் சொன்னபோது அப்படித்தான் காற்று வந்தது. சாயங்காலம் ரிசல்ட் பேப்பர் வந்ததும் பையனைத் தேடினார்கள். ஆனாலும் கூட்டம் குறையவில்லை, ஏனென்றால் அந்தப் பெட்ரோல் மற்றதைவிட ஒன்றரை மடங்கு தூரம் ஓடியது. சேதி இல்லாதவர்கள் சேதி உண்டாக்கிக்கொண்டு வந்தார்கள். அயனம்பாக்கம் வேலுசாமி திருத்தணிக்குப் போக டேங்க் நிரப்ப வேண்டும் என்பதற்காகவே, ஆறு வருஷமாகப் பேசாத அண்ணன் வீட்டில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

இதையெல்லாம் யாரும் அதிசயமாகப் பேசவில்லை. அதிசயமாகப் பேசியது, அந்தப் பம்பில் பெட்ரோல் ஊற்றியது ஒரு பெண் என்பதைத்தான். நூம்பல் குப்பம்மாவின் மகள் லோகநாயகி, காக்கிச் சட்டையைப் புடவைமேல் போட்டுக்கொண்டு, "ஜீரோ பாத்துக்கோ" என்று அதட்டுவதைப் பார்க்கப் பூந்தமல்லியிலிருந்து ஆள் வந்தது.

சாம்பல் நிற ஸ்கூட்டர்காரர் கோதண்டம். ஆவடித் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர், குவார்ட்டர்ஸில் தனிக்கட்டை. வழியில் இருக்கும் எல்லா பங்கையும் விட்டுவிட்டு அரை லிட்டரைச் செலவழித்து ஒரு லிட்டர் போட இங்கே வருவார். எதற்கு என்று பம்புக்கும் தெரியும், நாய்க்கும் தெரியும். லோகநாயகியிடம் மட்டும் அவர் சொன்னதில்லை. அவருடைய பெரிய கஷ்டம் என்னவென்றால், நாளெல்லாம் இரும்பில் குறை தேடியே பழகிய மனுஷனுக்கு ஒரு நல்ல சேதியை முழுசாகச் சொல்ல வராது.

"தம்பிக்கு வேலை கெடைச்சிருக்கு" என்பார். பெட்ரோல் இறங்கும். "ஆனா சம்பளம் கம்மி" என்பார். நின்றுவிடும்.

"அந்த ஆனாவ ஊட்ல வெச்சிட்டு வாயேன் சார்!" என்று லோகநாயகி தலையில் அடித்துக்கொள்வாள். அவர் வண்டியைச் சாய்த்து, அடியில் கிடக்கும் சொச்சத்தைக் கார்பரேட்டருக்கு வரவைத்து, உதைத்து உதைத்துக் கிளப்பிப் போவார். திருவேற்காடு தாண்டினால் பாதி நாள் தள்ளிக்கொண்டுதான்.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோதண்டத்துக்கு முன்னால் மொபெட்டில் பால்கார துலுக்கானம் நின்றார். குப்பம்மாவின் பக்கத்து வீட்டுக்காரர். தொண்டையைச் செருமிக்கொண்டு பம்பைப் பார்த்துச் சொன்னார்: "நம்ம லோகநாயகிய பொண்ணு பாக்க வெள்ளிக்கெழம வேப்பம்பட்லேர்ந்து வராங்கோ. நல்ல எடம்."

பம்பு காற்றுகூட விடவில்லை. துலுக்கானம் இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னார். ஒன்றுமில்லை. "மெய்யாத்தாம்பா வராங்கோ!" என்று கத்தினார். லோகநாயகி பெட்ரோல் குழாயின் நாசிலைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோதண்டம் துலுக்கானத்தையும் பம்பையும் மாறி மாறிப் பார்த்தார். வெள்ளிக்கிழமை போனால் எல்லாம் போச்சு. ஆனால் குறை கண்டுபிடிப்பதில் அவர் லேசுப்பட்டவரா? சேதி நிஜம், பம்பும் நன்றாக இருக்கிறது. அப்படியானால் லோகநாயகிக்கு அது நல்ல சேதி இல்லை. துலுக்கானத்தை ஒதுக்கிவிட்டு ஸ்கூட்டரை முன்னால் தள்ளினார். டேங்க் மூடியைத் திறந்தார். பொய்யென்றால் அத்தனை பேர் முன்னாலும் காற்றுதான் வரும்.

"லோகநாயகி என்னைக் கட்டிக்கப் போறாங்க" என்றார்.

எல்லோரும் அவருடைய ஆனாவுக்காகக் காத்திருந்தார்கள். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். ஆனா வரவில்லை. பெட்ரோல் வந்தது. அப்படி வந்ததை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. மீட்டர் முள் சுற்றுவது கண்ணுக்கே தெரியவில்லை.

"நா எப்போ சொன்னேன்?" என்றாள் லோகநாயகி.

"அதான் பம்பு சொல்லிச்சே!" என்றார் துலுக்கானம், நல்ல இடத்தை மறந்துவிட்டு.

"அதுக்கு இன்னா தெரியும்?" என்றாள். முகம் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. நாசிலை விட்டால் நின்றுவிடும், அவள் விடவில்லை. டேங்க் வழிந்து தரையில் ஓடியது. "ஆனா ஒண்ணு" என்றாள். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. "கல்யாணம் ஆனாலும் நா இங்கதான் வேலைக்கு வருவேன்." பம்பு நிற்கவில்லை. கோதண்டத்துக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்து, "வாங்க, வாங்க" என்பதற்குமேல் எதுவும் வரவில்லை. வைகாசியில் கல்யாணம். குப்பம்மா பத்திரிகையின் முதல் பிரதியை மஞ்சள் தடவிப் பம்பின் தலைமேல் வைத்தாள்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. பம்பின் மனத்தாங்கலைத் தீர்க்கக் கஜபதி கிண்ணம் நிறையச் சந்தனம் குழைத்துக்கொண்டு முதலில் இரண்டாம் பம்பைத் தேடி வந்தார். அதன் முன்னால் சாம்பல் நிற ஸ்கூட்டர் நின்றது. பக்கத்தில் கோதண்டமும் லோகநாயகியும், வேலுசாமியும் அவர் அண்ணனும், துலுக்கானமும் ஒன்றும் தெரியாதவர்கள்போல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கஜபதி அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு சந்தனத்தை எடுத்து ஹெட்லைட்டில் நன்றாக அப்பிவிட்டு, காற்றடிக்கும் மிஷினுக்குப் போனார்.

அதன்பின் வருஷாவருஷம் அப்படித்தான். ஸ்கூட்டர் ஓடாமல் போனபிறகும் பூஜையன்று ஆவடியிலிருந்து தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். பம்பு வழக்கம்போல் கோபித்துக்கொண்டது. மறுநாள் காலை வந்த முதல் வண்டிக்காரர் வழக்கம்போல் தொண்டையைச் செருமிக்கொண்டார்.