ஹோர்குவின் விரல்

அக்-பெல் நிலையத்தின் மூன்றாம் வளையத்தில் காற்று கெட்டுக்கொண்டிருந்தது. சுரங்கத் தொழிலாளர்களும் அவர்கள் குடும்பங்களும் உள்ளே அடைபட்டுக் கிடந்தார்கள். வளையத்துக்குக் காற்று கொண்டுபோகும் குழாய் மொரூக்களின் பிடியில். வெளியே வருவதற்கு இருந்த ஒரே கதவு இஷால்களின் பிடியில். இரண்டு இனத்துக்கும் இந்த மக்கள்மேல் தனிப் பகை எதுவும் இல்லை. சண்டை மூண்ட இடத்தில் இவர்கள் குடியிருந்தார்கள், அவ்வளவுதான்.

சமரசம் பேச வந்திருந்த ஜிபார் அந்த நிலையத்திலேயே வளர்ந்த கிர்கிஸ் பெண். அவள் இடுப்பில் செருகியிருந்த வானொலியில் தம்பி தைலாக்கின் குரல் கேட்டது. அவன் மூன்றாம் வளையத்தில் குழாய் மெக்கானிக்.

“அக்கா, இன்னும் பேசிக்கிட்டேதான் இருக்கியா? நீ பேசி விட்ட மூச்ச ஒரு பையில பிடிச்சிருந்தா நாங்க பொழச்சிருப்போம்.”

“வாய மூடிட்டுப் படுடா. பேசினா காத்து வீணாகும்.”

“படுத்துதான் இருக்கேன். எல்லாரும் படுத்தாச்சு. ஒஸ்மோன் மாமா மட்டும் உக்காந்து காஞ்ச தயிர் உருண்டை, அந்தக் குருத்தக் கடிச்சிக்கிட்டு இருக்காரு. சாகறதுன்னாலும் வயிறு நிறைஞ்சு சாகணுமாம்.” சிரிக்கப் பார்த்தான், அது இருமலாக முடிந்தது. “பிள்ளைங்க அழறத நிறுத்திட்டாங்க அக்கா. அதுதான் பயமா இருக்கு.”

அவள் ஒலியைக் குறைத்துவிட்டுப் பேச்சு நடக்கும் அறைக்குள் நுழைந்தாள்.

நேற்றே முடிந்திருக்க வேண்டிய காரியம். குழாயையும் கதவையும் ஒரே நேரத்தில் திறப்பது என்று பேச்சு படிந்துவிட்டது. மொரூக்களின் தூதன் ஹோர்கு, தன் இனத்து வழக்கப்படி, உறுதிமொழியாகத் தன் விரலைக் கடித்துத் துண்டாக்கிக் கொடுக்க வாயருகே கொண்டுபோனான். ஜிபார்தான் பாய்ந்து தடுத்தாள். இஷால்கள் எதிரியின் உடலிலிருந்து துண்டெடுப்பது அவனைக் கொன்ற பிறகுதான். உயிரோடு இருக்கிறவன் தானாக ஒன்றை நீட்டினால், ‘உனக்குக் கொல்லத் துப்பில்லை, இந்தா பிச்சை’ என்று பொருள். மேசையிலேயே கொலை விழும். விரல் வேண்டாம், வாய்ச்சொல் போதும் என்று அவள் முடித்துவைத்தாள். இரண்டு வழக்கமும் தெரிந்தவள் தான் ஒருத்திதான் என்ற பெருமையும் அந்தக் கணத்தில் இருந்தது.

வாய்ச்சொல் போதவில்லை. குழாயடியில் நின்ற மொரூக்கள் திரும்பி வந்த ஹோர்குவின் கையைப் பார்த்தார்கள். விரல்கள் எல்லாம் அப்படியே இருந்தன. அப்படியென்றால் இவன் யாருக்கும் எந்த உறுதியும் கொடுக்கவில்லை. குழாயைத் திறக்க மறுத்துவிட்டார்கள். அதற்குள் கதவைப் பாதி திறந்திருந்த இஷால்கள், ஏமாற்றிவிட்டார்கள் என்று அறைந்து மூடினார்கள். முண்டியடித்து வந்தவர்களில் சிலர் நடுவில் சிக்கினார்கள். அவர்கள் பெயர்களைக் கேட்டுக்கொள்ளும் தைரியம் ஜிபாருக்கு இன்னும் வரவில்லை.

“வந்துட்டா புத்திசாலி,” என்றான் ஹோர்கு. அவன் உறுமலை மேசைமேல் இருந்த பெட்டி பேச்சாக்கித் தந்தது. “என் ஆளுங்க முன்னாடி என்னப் பொய்யனாக்கின மகராசி.”

எதிரே இஷால்களின் தூதாக வந்த நைஸெ கழுத்தை நீட்டினாள். அவளுக்கு முன்புறமெல்லாம் ஓடு. முதுகு மட்டும் ஈரத் தோல். “இன்னிக்கு என்ன கொண்டு வந்திருக்கீங்க அம்மணி? நேத்து வித்த சொத்தச் சரக்கையே மறுபடி விக்கப் போறீங்களா?”

“தப்பு என்னோடது,” என்றாள் ஜிபார். “ஹோர்கு, அந்த விரல நான் வாங்கிக்கலாமா? இவங்களுக்குப் பதிலா?”

ஹோர்குவின் கண்மடல்கள் ஒவ்வொன்றாக மூடித் திறந்தன. “வாங்கலாம். வாங்கினவ சும்மா போக முடியாது. புது விரல் முளைக்கிற வரைக்கும் என் கூடவே, என் கப்பல்ல இருக்கணும். அந்த விரலையும் சூடு ஆறாம வச்சிருக்கணும். அது செத்தா என் சொல்லும் செத்துச்சு.”

“முளைக்க எவ்வளவு நாளாகும்?”

“உன் முடி நரைச்சிரும்.”

“சரி. இப்பவே குடு.”

“பேச்சு நடந்த எடத்துல, பேசினவங்க எல்லாரும் இருக்கும்போதுதான் குடுக்கணும். அவளும் இருக்கணும்.”

“என் கண்ணு முன்னாடி குடுத்தா அவன் தலை இருக்காது,” என்றாள் நைஸெ.

“கண்ணு முன்னாடி வேண்டாம். இங்கயே இருங்க, சுவரப் பார்த்துத் திரும்பி நில்லுங்க.”

பெட்டி மொழிபெயர்த்து முடித்ததும் நைஸெ மெதுவாகக் கேட்டாள். “மொரூ ஒருத்தன் வாயத் திறந்து நிக்கிற அறையில என்ன முதுகக் காட்டச் சொல்றியா? எங்க அம்மா செத்தது எப்படின்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.” ஜிபாரின் குரல் உடைந்தது. கற்ற நயம், பழகிய நிதானம் எல்லாம் போய்விட்டது. “என் தம்பி உள்ள இருக்கான். பிள்ளைங்க அழக்கூட மூச்சில்லாமக் கெடக்குதுங்க. உங்க கால்ல விழறதுதான் உங்க வழக்கம்னா சொல்லுங்க, விழறேன். உங்களுக்கும் அவனுக்கும் நடுவுல நான் நிக்கிறேன். அவன் பாய்ஞ்சா என்னத் தாண்டித்தான் வரணும்.”

“உன்னத் தாண்ட அவனுக்கு ஒரு மூச்சு ஆகாது.”

“ஆகாதுதான். என்கிட்ட வேற எதுவும் இல்ல.”

இடுப்பில் வானொலி கரகரத்தது. பேச்சு இல்லை, யாரோ இழுத்து இழுத்து மூச்சுவிடும் சத்தம்.

நைஸெ அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். “எதிரியோட சதையத் தொட்ட கை மறுபடி எங்க மேசைக்கு வரக்கூடாது. இதோட உனக்கு இந்தத் தொழில் இல்ல.”

“போகட்டும், எனக்கு வேண்டாம்,” என்றாள் ஜிபார்.

நைஸெ திரும்பினாள். ஈரமான முதுகு நடுங்கியது. ஹோர்கு அந்த முதுகைப் பார்த்தான். தேவைக்கு மேல் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தான். ஜிபார் நகர்ந்து அவன் பார்வையை மறைத்தாள். பிறகு எலும்பு முறியும் சத்தம். அவள் உள்ளங்கையில் சூடாக ஒன்று விழுந்து சுருண்டது.

குழாயடிக் காவலர்கள் ஹோர்குவின் கையைப் பார்த்ததும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. காற்று சீறிக்கொண்டு பாய்ந்தது. சற்றுப் பொறுத்துக் கதவு நகரும் அதிர்வு தரையில் தெரிந்தது.

ஹோர்கு முன்னே நடந்தான். ஜிபார் விரலை அக்குளில் இடுக்கிக்கொண்டு பின்னால் போனாள். அது விலா எலும்பின்மேல் துடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் அடுத்தது வருமா என்று அவள் காத்திருந்தாள்.

“அக்கா!” வானொலியில் தைலாக். “கதவு திறந்திருச்சு! எல்லாரும் எந்திரிக்கல... ஆனா நெறைய பேர் எந்திரிச்சிட்டாங்க. பிள்ளைங்க அழுறாங்க, கேக்குதா? நீ எந்த வாசல்ல நிக்கிற?”

மொரூக் கப்பலின் படி உயரமாக இருந்தது. ஒரு கையை எடுக்க முடியாததால் மறு கையை ஊன்றி ஏறினாள்.

“பிள்ளைங்களத் தூக்கிட்டு முதல்ல வெளிய வாடா,” என்றாள்.