ஸ்டோர் வீட்டு மாப்பிள்ளை

ஹிமாயா குடியிருக்கவென்று கட்டிய வீட்டில் ஊராருடைய சாமான்கள் குடியிருந்தன. கலியாணத்தன்று நிறையப் பேர் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று வாப்பா ஜெமீல் ஆசையாக அகட்டி விட்ட ஹாலில் இரும்பு ராக்கைகள் நின்றன. அவற்றில் மிக்சிகளும் அபாயாக்களும் போன் கவர்களும் குழந்தைகளின் நடைவண்டிகளும் பெட்டிக்குள் பெட்டியாக அடங்கிக் கிடந்தன.

சாய்ந்தமருதில் ஒரு பெண்ணுக்குச் சம்பந்தம் பேசுவதென்றால் அவளுடைய வீட்டைப் பற்றித்தான் பேச்சுத் தொடங்கும். கலியாணம் முடித்த ஆண் தன் உம்மாவின் வீட்டை விட்டு மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வதுதான் இந்தக் கரையோர ஊர்களின் வழக்கம். ஜெமீலும் உம்மா சரீபாவும் இருந்த வீட்டை மூத்த மகளுக்குக் கொடுத்துவிட்டு, அதே வளவில் குசினியை ஒட்டிய அறைக்கு ஒதுங்கியிருந்தார்கள். இளையவள் ஹிமாயாவுக்காகப் பிரதான வீதியை அடுத்த ஒழுங்கையில் இந்த வீட்டைத் தொடங்கினார்கள். கூரை ஏறியது. சுவர் பூசுவதற்குள் சீமெந்து விலையும் ஏறி, நாடு முழுக்க எரிபொருளுக்கு வரிசையில் நின்ற காலம் வந்துவிட்டது. வேலை அப்படியே நின்றது.

அந்த நேரத்தில்தான் கொழும்புக் கொம்பனியொன்று கல்முனைப் பக்கத்தில் பார்சல் இறக்க இடம் தேடி அலைந்தது. ஊர் போனில் சாமான் வாங்கப் பழகிவிட்டது. வருகிற சாமானை மழை படாமல் வைத்துப் பிரிப்பதற்குத்தான் ஓர் இடமில்லை. கடைத்தெருவில் லொறி திரும்பாது. பூசாத வீடு சும்மா பூட்டிக் கிடப்பதை விட ஒரு வருடத்துக்குக் கொடுத்தால் வாடகையில் பூச்சை முடிக்கலாமே என்று சரீபாதான் சொன்னாள். சாமான்களைப் பொறுப்பெடுக்க ஓர் ஆளும் வேண்டும் என்றது கொம்பனி. ஹிமாயா படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். சும்மா இருக்கிறவள்தானே, போய் இருக்கட்டும் என்று உம்மா அனுப்பி வைத்தாள். ஒரு வருடம் என்றது பிறகு இழுபட்டுக்கொண்டே போயிற்று. சரீபாவுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை, மகளுக்குச் சம்பந்தம் வரும் வரைக்கும்.

தொடக்கத்தில் போகிற பார்சலில் பாதி திரும்பி வந்தது. ஆள் இல்லை, ஆள் இல்லை என்றே டெலிவரிக்காரர்கள் எழுதிக்கொண்டு வந்தார்கள். கல்முனைக் கிளையை மூடிவிடலாம் என்று கொழும்பில் பேச்சு அடிபட்டது. திரும்பிய பெட்டிகளை ஒரு நாள் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஹிமாயாவுக்கு விளங்கியது: எல்லாம் ஆண்களின் பெயருக்கு வந்தவை. போனில் சாமான் வாங்குகிற ஆண் தன் அடையாள அட்டையைப் பார்த்து விலாசத்தைக் கொடுக்கிறான். அட்டையில் இருப்பது உம்மாவின் வீடு. அவன் சோறு தின்பதும் தூங்குவதும் இரண்டு ஊர் தள்ளி மனைவியின் வீட்டில். உம்மாவின் வீட்டில் அந்த நேரம் இருப்பது சகோதரியின் புருஷன்.

அன்று முதல் வண்டியில் ஏற்றுவதற்கு முன் போன் அடித்துக் கேட்பது என்று வைத்துக்கொண்டார்கள். கலியாணம் எந்த வீட்டில் முடித்திருக்கிறீர்கள் என்ற அந்தக் கேள்விக்கு முதலில் ஊரே சிரித்தது. பார்சல் தரப் போறீங்களா பொண்ணு தரப் போறீங்களா என்று மருதமுனையில் ஒருவர் கேட்டாராம். பிறகு பழகிவிட்டது. ராக்கைகளில் ஆண்களெல்லாம் மனைவிமார் இருக்கும் ஒழுங்கைகளின்படி அடுக்கப்பட்டார்கள். திரும்பி வருவது குறைந்தது. கிளை தப்பியது. இதை யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை ஹிமாயா. ஆனால் காலையில் கேற்றைத் திறந்து, இரவில் அடைபட்டிருந்த மட்டையின் வாசனை முகத்தில் அடிக்கும்போது, தன் நெஞ்சுக்குள் ஏதோ நிமிர்ந்து உட்காருவதை அவள் அறிவாள். உம்மா தந்த உணவையும் வாப்பா தந்த உடுப்பையும் போல இது யாரும் தந்ததல்ல.

பிறகு நிந்தவூரிலிருந்து றமீஸின் சம்பந்தம் வந்தது. குளிர்சாதனப் பெட்டிகளும் மீன்வாடிகளின் ஐஸ் இயந்திரங்களும் திருத்துகிறவன். அமைதியானவன் என்றார்கள். கலியாணப் பதிவான காவின் எழுதியாயிற்று, ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து மாப்பிள்ளையைக் கூட்டி வருவதாகப் பேச்சு. அதுவரை போனில் இரண்டு பேரும் சாப்பிட்டீங்களா, வேலை கூடவா என்று, பக்கத்தில் யாரோ ஒட்டுக் கேட்கிற மாதிரிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

றமீஸின் உம்மா றுகையா வீட்டைப் பார்க்க வந்த நாளில் அம்பாறைப் பக்கமாக வந்த லொறி இறக்கிக்கொண்டிருந்தது. அவர் பெட்டிகளுக்கு நடுவில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி நின்றார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கோபமாக ஒன்றும் சொல்லவில்லை.

"எல்லாத்துக்கும் இடம் இரிக்கி. எண்ட மகனுக்கு எங்க இரிக்கி?" என்றுதான் கேட்டார்.

சரீபா பதறிப் போனாள். பெருநாளைக்கு முன் வீட்டை வெறுமையாக்கித் தருவதாக அந்த இடத்திலேயே வாக்குக் கொடுத்தாள். வீட்டின் உறுதிப் பத்திரம் ஹிமாயாவின் பெயரில் இருந்தது. கொம்பனியின் ஒப்பந்தத்தில் கையெழுத்தும் அவளுடையதுதான். ஆனாலும் அவளிடம் கேட்க வேண்டும் என்று உம்மாவுக்குத் தோன்றவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று ஹிமாயாவுக்கும் அந்த நிமிடத்தில் தோன்றவில்லை. தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போன பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது.

வேறு இடம் கிடைத்தால் ஸ்டோர் பிழைக்கும். கொம்பனியின் பகுதி மேலாளர் ஜவுபரோடு அவள் தேடாத இடமில்லை. நற்பிட்டிமுனையில் பார்த்த நெல்லுக் களஞ்சியத்தில் எலி பகலிலேயே ஓடியது. மாளிகைக்காட்டில் கடற்கரையோரம் ஒரு மண்டபம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் உப்புக்காற்றில் ராக்கை ஒரு மாரி மழைக்கே துருப்பிடித்துவிடும். சுனாமி அலை வந்த இடத்தில் சாமானை வைக்கக் கொழும்பும் சம்மதிக்கவில்லை. பிரதான வீதியில் கிடைத்த கட்டடத்துக்குப் பின்கதவு இல்லை. கடைசியில் ஜவுபர் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இடமில்லாவிட்டால் இந்தப் பகுதிப் பார்சல்களை அக்கரைப்பற்றுக் கிளையிலிருந்து விடுவதைத் தவிர வழியில்லை என்றார். அப்படியானால் இங்கே யாருக்கும் வேலை இராது.

இதை றமீஸிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எனக்கு ஸ்டோர் வேண்டும் என்றால், எனக்கு நீங்கள் வேண்டாம் என்று அவன் காதில் விழுந்துவிடுமோ என்ற பயம். ஒவ்வொரு நாளும் போனில் சாப்பிட்டீங்களா என்றே கேட்டுக்கொண்டிருந்தாள். ஓம் என்று அவனும் சொன்னான்.

அன்று வியாழக்கிழமை. டெலிவரிக்குப் போகிற வினோஜ், பாண்டிருப்பைச் சேர்ந்தவர், வழக்கம்போல் போனை மேசையில் கிடத்தி, சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு, பார்சல்களை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார். ஹிமாயா மறுபக்கம் ஸ்கேனர் பிடித்துக்கொண்டு நின்றாள். றமீஸ் என்ற பெயர் அந்த ஸ்டோருக்குப் புதிதில்லை. நாளுக்கு நாலு றமீஸாவது வருவார்கள். அதனால் வினோஜ் பெயரைப் படித்து, வழக்கமான அண்ணன் முறையில் பேசத் தொடங்கியபோது அவள் நிமிரவில்லை.

"நானா, ஒரு பார்சல் வந்திருக்கு. விலாசம் நிந்தவூர் போட்டிருக்கு. அந்த வீட்டிலதான் இருக்கிறீங்களா, வேற வீட்டில கலியாணமா?"

"காவின் எழுதியாச்சு. வீட்டுக்கு இன்னும் போகல்ல."

குரலைக் கேட்டதும் ஹிமாயாவின் கையில் ஸ்கேனர் அப்படியே நின்றது.

"அப்ப உம்மாட வீட்டுக்கே கொண்டு வாறன்."

"உம்மாட வீடு இப்ப தங்கச்சிக்கு. அங்க சாமான் வைக்க இடமில்ல தம்பி."

"சரி நானா, பொண்ணுட வீடு எங்க? அங்க குடுக்கிறன்."

"நீங்க நிக்கிற வீடுதான்."

வினோஜ் பார்சலைத் திருப்பிப் பெயரைப் படித்தார். பிறகு ஹிமாயாவைப் பார்த்தார். பிறகு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்தார். போனில் றமீஸ், அங்கேயே இருக்கட்டும், அசறுத் தொழுகைக்குப் பிறகு வந்து எடுக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டான்.

அந்தப் பெட்டியை எந்த ராக்கையில் வைப்பது என்று வினோஜ் கேட்கவில்லை. மேசையில் வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். ஹிமாயா அதன் முன் உட்கார்ந்தாள். எத்தனை ஆண்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பாள், சிரித்துக்கொண்டு. உம்மாவின் வீட்டுக்கும் மனைவியின் வீட்டுக்கும் நடுவில் நிற்கிற ஒருவனுக்கு அதைக் கேட்கும்போது எப்படி இருக்கும் என்று ஒரு நாளாவது நினைத்தாளா? பெண்ணுக்கு ஊர் ஒரு வீட்டைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. ஆண் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு போகிறான். இவ்வளவு நாளும் இழக்கப் போகிறவள் தான் ஒருத்திதான் என்று எண்ணியிருந்தது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

சொன்னபடி றமீஸ் அசறுக்குப் பிறகு வந்தான். சட்டைக் கையில் கறுப்பு எண்ணெய் படிந்திருந்தது. சரீபா மூத்த மகளின் வீட்டிலிருந்து அவசர அவசரமாகத் தேநீரும் தொதல் இனிப்பும் அனுப்பினாள். பெட்டியை அங்கேயே பிரித்தான். சிறிய ஸ்பானர்களும் குழாய் வெட்டுகிற கருவியும் இருந்தன. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மறுபடி பெட்டிக்குள் வைத்தான்.

"மார்க்கட்ல என்ன ஸ்டோர் வீட்டு மாப்பிள்ள எண்டுதான் கூப்பிடுறானுகள்" என்றான்.

"வெக்கமா இரிக்கா?"

"பேருக்கு என்ன." சிரித்தான். சிரிப்பு சீக்கிரம் அடங்கியது.

பிறகு மெல்ல மெல்லச் சொன்னான். உம்மாவின் வீட்டு விறாந்தையில் அவனுக்கு ஒரு வேலை மேசை இருந்தது. தங்கச்சி புருஷன் வந்தபோது அது கிணற்றடிக்குப் போனது. யாரும் போகச் சொல்லவில்லை. அவருக்கு மோட்டார் சைக்கிள் நிறுத்த இடம் வேண்டியிருந்தது, இவனே தூக்கிக்கொண்டு போய் வைத்தான். மாரியில் வேலை ஆயுதமெல்லாம் துருவேறிவிட்டது. உம்மா தினமும் விடியக் கூட்டும்போது விறாந்தையின் அந்த மூலைக்கு வந்ததும் கொஞ்சம் நிற்பார். அவருக்கு இவர்களுடைய வீடு வெறுமையாக வேண்டும் என்று இல்லை. தன்னால் மகனுக்கு வைத்திருக்க முடியாத இடத்தை இன்னொருத்தி வைத்திருக்கிறாளா என்றுதான் வந்து பார்த்தார்.

ஹிமாயா தேநீரில் ஆடை படிவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது சொல்லாவிட்டால் தன் வாழ்நாள் முழுக்கச் சாப்பிட்டீங்களா என்றே கேட்டுக்கொண்டிருப்போம் என்று பட்டது.

"எனக்கு ஸ்டோர விட ஏலா" என்றாள். "ஒங்கள வேணாமெண்டு இல்ல. ரெண்டும் வேணும்."

"இதச் சொல்லவா இவ்வளவு நாளும் நான் சாப்பிட்டனா எண்டு கேட்டீங்க?"

அவள் முகத்தை முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டாள். சிரிப்புத்தான் வந்தது, கண்ணும் கலங்கியது.

எழுந்து போய்க் கிழக்குப் பக்க அறையைத் திறந்தாள். திரும்பிய பார்சல்களையும், கிழிந்ததையும், உடைந்ததையும் போடுகிற அறை. கொழும்புக்குத் திருப்பி அனுப்பச் சோம்பல்பட்டு, நாளைக்கு நாளைக்கு என்று நிலத்திலிருந்து ஜன்னல் வரை குவிந்து கிடந்தது. ஜன்னலின் மேற்பகுதியில் மிஞ்சிய இடைவெளியால் கடற்காற்று புகுந்து மட்டைகளைப் படபடக்க வைத்தது. வீட்டிலேயே நல்ல அறை இதுதான். இதை யாரும் வேண்டாம் என்ற பெட்டிகளுக்குக் கொடுத்திருந்தோமே என்று அவள் வாசலில் நின்று யோசித்தாள். வருகிற லொறியிலேயே திரும்புவதை அன்றன்றைக்கு ஏற்றிவிட்டால் இந்த அறை என்னத்துக்கு? ஜவுபரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஹாலுக்குப் பின்னால் ஒரு சுவர் எழுப்பினால் ஸ்டோர் முன்னால் நிற்கும், இந்த அறையும் குசினியும் மற்ற அறையும் குடியிருக்கத் தனியே பிரிந்துவிடும். வளவின் வடக்கால் வேறு கேற் வைக்கலாம்.

இதையெல்லாம் அவனிடம் சொல்லிக்கொண்டே முதல் பெட்டியைத் தூக்கினாள். அவன் தேநீரை வைத்துவிட்டு வந்து அதை அவள் கையிலிருந்து வாங்கினான். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சுமந்தார்கள். ஜன்னலின் பாதி வெளியே தெரிந்தபோது அவன் நின்று அளவு பார்ப்பதுபோல் கையை அகட்டினான்.

"மேச இதுல வரும்" என்றான். "உம்மாட்ட யாரு சொல்ற?"

அவள் பதில் சொல்வதற்குள் அவனே போனை எடுத்து அழைத்தான். ஸ்டோர் இருக்கும், ஆனால் தனியாக இருக்கும், தனக்கு ஒரு அறை இருக்கிறது, கடல் பக்கம், காற்று வருகிறது என்று சொன்னான். ஹிமாயா ஒரு பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள்.

"கதவு இரிக்கா மகன்?" றுகையாவின் குரல் அவளுக்கும் கேட்டது. "உள்ளால பூட்டலாமா? வாறவன் போறவனெல்லாம் எட்டிப் பார்ப்பானுகள்."

றமீஸின் காது சிவந்தது. அவன் ஹிமாயாவைப் பார்த்தான். அவள் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து, போனுக்குக் கிட்டக் குனிந்தாள்.

"இரிக்கி மாமி. உள்ளால கொண்டி இரிக்கி."

"அப்ப வெள்ளிக்கிழம நான் வந்து பாக்கிறன்" என்றார் றுகையா. "அதுக்கு முந்தி அந்த அறயக் கூட்டிக் கழுவி வையுங்க மகள். அவனுக்குத் தூசி பட்டாத் தும்மல் வரும்."

நாளைக்கே வெள்ளிக்கிழமை. ஹிமாயா துடைப்பத்தைத் தேடிக்கொண்டு குசினிப் பக்கம் ஓடினாள். பின்னால், அறைக்குள், அவன் தும்முகிற சத்தம் கேட்டது.