பதினோராம் இலக்கக் கடல்

“கடலயா கேட்டோம்? குடிக்கத் தண்ணிதானங்க கேட்டோம்!” என்று தைலம்மை கண்டியில் மஹ்ரூப் ஹாஜியார் வீட்டுக் கேற்றடியில் நின்று கத்தினாள்.

“நான் கடலைக் கூப்பிடேல்லை! நான் எழுதினது ஒரேயொரு வரி!” என்று மேல்மாடி ஜன்னலிலிருந்து கமலாசனி திருப்பிக் கத்தினாள்.

“அந்த ஒரு வரிய அழிச்சுப்புடுங்க!”

“அழிக்கேலாது!”

“ஏலாதா, மனசில்லையா?”

ஜன்னல் சாத்தப்பட்டது. தைலம்மை கையோடு கொண்டுவந்த மண்ணெண்ணெய்க் கானைத் திறந்து, அதிலிருந்த தண்ணீரை வாசற்படியில் ஊற்றிக் காட்டினாள். ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்துகொண்டிருந்த ஆண்கள் அத்தனை பேரும் சாட்சி: தண்ணீரோடு ஒரு சூடை மீன் துள்ளி விழுந்தது. ஹாஜியாரின் பூனை அதைக் கவ்விக்கொண்டு போனது. ஹாஜியாரின் மனைவி ருக்கியா படியைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, “அல்லாவே, மெய்யாலுமே கடல்தான்” என்றாள்.

கண்டிக்கு அப்பால் பன்விலவுக்கு மேலே, மூவாயிரம் அடி உயரத்தில், தைலம்மையின் தேயிலைத் தோட்டத்து ஊற்றுக் கிணற்றில் கடல் வந்து அன்றோடு நான்கு மாதமும் பன்னிரண்டு நாளும் ஆகியிருந்தன. உப்புக் கலந்த தண்ணீர் என்று சொல்லித் தப்ப முடியாது; அலை இருந்தது, நுரை இருந்தது, பாறையில் நண்டு ஏறியது. கிணற்றிலிருந்து தொழிலாளர் லயத்துக்கு இறங்கும் பீலியில் கடல் பெருகும்போது தண்ணீர் கொட்டியது, வற்றும்போது நின்றது, நாளுக்கு இரண்டு தடவை. நாற்பத்திரண்டு குடும்பங்களும் குடிதண்ணீருக்கு ஒன்றரை மைல் கீழே ஆற்றுக்கு இறங்கி, குடத்தோடு மலையேறினார்கள். பேராதனையிலிருந்து வந்த விரிவுரையாளர் ஒருவர் மூன்று நாள் தங்கி ஆராய்ந்து, இது சாத்தியமில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு, நனைந்த சப்பாத்தோடு திரும்பிப் போனார்.

கடலைக் கொண்டுவந்தது கமலாசனிதான் என்பதில் தெருவில் இரண்டாவது கருத்து இல்லை. யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைப் பெண், வயது நாற்பத்தொன்று என்று சொல்வாள், ருக்கியாவின் கணக்கில் நாற்பத்து மூன்று. கண்டியில் ஒரு திணைக்களத்தின் திட்டமிடல் பிரிவில் வேலை. எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் வாடகை அறை எரிந்தபோது கட்டிய சேலையோடு ஓடிவந்து, ஹாஜியாரின் மேல்மாடியில் சாரத் துணிப் பொதிகளுக்குப் பின்னால் மூன்று நாள் கிடந்தவள். நான்காம் நாள் ருக்கியா, “இனி எங்க போற, புள்ள? இங்கயே இரிங்க” என்றாள். இருந்துவிட்டாள், பதினைந்து வருடம். தொண்ணூற்றெட்டில் தலதா மாளிகையருகே குண்டு வெடித்த பிறகு வீட்டிலுள்ளவர்களின் பெயரையெல்லாம் பொலிசில் பதியச் சொன்னபோது ஹாஜியார் அவளை மகள் என்று எழுதிக் கொடுத்தார். ஹாஜியாருக்குப் பொட்டு வைத்த மகளா என்று கேட்ட சார்ஜனுக்கு இரண்டு கோப்பை தேநீரும் ஒரு துண்டு மஸ்கட் அல்வாவும் கிடைத்தன. கேள்வி அத்தோடு முடிந்தது.

அந்த வருடந்தான் வெளிநாட்டு நிதியம் ஒன்று அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதியிருந்தது. உங்கள் நாட்டுச் சுற்றாடலுக்கு உள்ள வருத்தங்களையெல்லாம் முக்கியம் பார்த்து வரிசைப்படுத்தித் தாருங்கள், வரிசையின் மேலேயிருந்து பார்த்துப் பணம் தருகிறோம் என்று. ஒரு நிபந்தனை: உலகம் முழுவதற்கும் பயன் தருவதற்குத்தான் பணம். உங்கள் ஊருக்கு மட்டும் நல்லது என்றால் அது உங்கள் ஊர்ப் பாடு. படிவத்தில் அதற்கென்றே ஒரு கட்டம் இருந்தது: ‘உலகுக்கு உண்டாகும் பயன்.’ தைலம்மையின் லயத்து மனு அப்போது கமலாசனியின் மேசை லாச்சியில் ஆறு வருடமாகக் கிடந்தது. ஊற்றுக்கு மேலிருந்த காட்டை வெட்டி உச்சிவரை தேயிலை நட்டுவிட்டார்கள், ஊற்று வற்றுகிறது, மரம் வைக்க உதவுங்கள், என்பதுதான் மனு. பெருவிரல் அடையாளங்கள் நாற்பத்திரண்டு. கமலாசனிக்கு அந்தப் பெருவிரல்களைப் பார்க்கும்போதெல்லாம் சோறு இறங்காது.

நிதியத்திடம் நான்கு தலைப்புகள் இருந்தன. காடும் உயிரினமும் என்ற தலைப்பின் கீழ் மனுக்கள் மலையாகக் குவிந்திருந்தன. காலநிலைக்கும் நிலச் சிதைவுக்கும் கொழும்பில் பேராசிரியர்கள் அடிபட்டுக்கொண்டிருந்தார்கள். நான்காவது, சர்வதேச நீர். கண்டியில் கடல் இல்லாதபடியால் அந்தப் பக்கத்தை எல்லாரும் வெறுமனே விட்டுவிடுவார்கள். வெறும் பக்கத்தில் போட்டி இல்லை என்பது எழுதுவினைஞராய் இருந்து வந்தவளுக்குத் தெரியாதா? உட்கார்ந்து எழுதினாள்: ‘இவ்வூற்று ஹுலு கங்கையில் விழுகின்றது, ஹுலு கங்கை மகாவலியில், மகாவலி திருகோணமலைக் கடலில். ஆதலால் இது உலகக் கடலின் தொடக்கமாகும்.’ வாவிக்கரை ஹோட்டலில் இரண்டு நாள் கூட்டம் வைத்து, தின்னப் பற்றிஸ் கொடுத்து, ஆளுக்கு மூன்று சிவப்புப் பொட்டு ஸ்டிக்கரும் கொடுத்து, முக்கியமானதில் ஒட்டச் சொன்னார்கள். கமலாசனி மூன்றையும் ஒரே இடத்தில் ஒட்டினாள். அந்த வரியை வாசித்த நிதியத்து வெள்ளைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் தன்னுடைய மூன்றையும் அங்கேயே ஒட்டினார். அதைப் பார்த்து மற்றவர்களும் ஒட்டினார்கள். பன்வில ஊற்று தேசிய முன்னுரிமைப் பட்டியலில் பதினோராம் இலக்கமாக ஏறியது. பட்டியல் ஒரு செவ்வாய்க்கிழமை அங்கீகாரம் பெற்றது. புதன் காலை தைலம்மை பீலிக்குப் போனாள். குடத்தில் சிப்பி விழுந்தது.

கடல் என்றால் அந்தப் போர் நாட்களில் காவலும் வரும். நான்கு சிப்பாய்களும், கடற்படையில் வேலை பார்த்த, தெற்கே காலி ஊர்ச் சிங்களப் பையன் ஒருவனும் கிணற்றடிக்கு அனுப்பப்பட்டார்கள். மாலை ஆறுக்குப் பிறகு கிணற்றடிக்குப் போகத் தடை. பகலில் போக ஆளுக்கொரு பாஸ். காலிப் பையனுக்குக் குளிர் தாங்கவில்லை. குரங்குத் தொப்பியும் போட்டுக்கொண்டு மூவாயிரம் அடியில் நின்று கடலைக் காவல் காத்தான். லயத்துப் பிள்ளைகள் அவனைக் கப்பல் மாத்தயா, அதாவது கப்பல் ஐயா, என்று கூப்பிட்டார்கள்.

பணம் வந்ததா என்றால், வந்தது. கடலை அளக்கும் கருவி வாங்க வந்தது, அறிக்கை அச்சடிக்க வந்தது. குடிதண்ணீருக்கு வரவில்லை, குடிதண்ணீர் ஊர்ப் பாடு. பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் வருடத்துக்கொருமுறை உறுதிப் படிவம் அனுப்ப வேண்டும் என்பதும், அதைக் கமலாசனி வேறுவிதமாக எழுதினால் பதினோராம் இலக்கம் விழுந்துவிடும் என்பதும், கந்தோர்ப் பியோன் மூலம் பன்விலவரை போய்விட்டது. ஆகவேதான் தைலம்மை வெள்ளிக்கிழமை இரண்டு பஸ் மாறிக் கானோடு வந்து நின்றாள். ஆகவேதான் ஜன்னல் சாத்தப்பட்டதைப் பார்த்துத் தெரு வாயடைத்துப்போனது. தெருவின் வாய் அடைபடுவது இலேசில் நடக்கிற காரியம் அல்ல.

காரணம் ருக்கியாவுக்குத் தெரிந்திருந்தது. கமலாசனி நான்கு மாதமாக ஞாயிறு தவறாமல் பன்விலவுக்கு பஸ் ஏறினாள். சனமெல்லாம் வேலை விஷயம் என்று நினைத்தது. ருக்கியாவோ, தலையிடி மாத்திரை தேடுகிறேன் பேர்வழி என்று ஒருநாள் அவளுடைய பையைத் திறந்து பார்த்துவிட்டாள். உள்ளே ஆண்கள் உடுக்கும் சேர்ட் ஒன்று, புதிது, மடித்தபடி. பக்கத்தில் ஒரு துவாய். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து இந்தியாவுக்குப் புறப்பட்ட வள்ளத்தில் கமலாசனியின் தம்பி விமலநாதன் இருந்தான். வள்ளம் அங்கேயும் போகவில்லை, இங்கேயும் வரவில்லை. அதற்குப் பிறகு அவள் கடலைக் கண்டதில்லை. வடக்கே பாதை பூட்டு, வேறு கரைக்குப் போக மனமில்லை. இப்போது கடல் அவளிருக்கும் இடந்தேடி மலையேறி வந்திருந்தது. ஈரத்தோடு வருகிறவனுக்கு மாற்றுச் சேர்ட் வேண்டாமா?

இரகசியத்தை நான்கு மாதம் காத்ததே ருக்கியாவின் ஆயுளில் சாதனை. அன்று முடியவில்லை. கேற்றடிக்குப் போய்த் தைலம்மையின் காதில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். தைலம்மை வெறுங்கானைக் கீழே வைத்தாள். பிறகு யாரையும் கேட்காமல் மாடிப்படி ஏறி, கதவைத் தட்டாமலே தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

“ஏம்மா, இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? எங்ககிட்டதாங்க இருக்கு.”

“என்ன இருக்கு?”

“வந்ததெல்லாம்.”

அன்று பின்னேரமே மூன்று பெண்களும் பன்விலவுக்குப் போனார்கள். ருக்கியாவை யாரும் கூப்பிடவில்லை. அவள் இல்லாமல் இது தெருவுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? லயத்தின் கடைசியில் ஆளில்லாத காம்பரா ஒன்று. தைலம்மை பூட்டைத் திறந்தாள். உள்ளே, கொழுந்துச் சாக்குகள் விரித்த பலகைகளில், பீலியால் வந்தவை வரிசையாய் இருந்தன. அறுபத்தொரு செருப்பு; ஒன்றுக்கும் சோடி இல்லை. கண்ணாடிகள். பால் போத்தல். மையழிந்த அடையாள அட்டைகள். ஒரு செபமாலை. வீட்டுச் சாவிக்கொத்து ஒன்று, எந்த வீட்டினதோ. பள்ளிக்கூட நேரசூசி அட்டவணை ஒன்று. எல்லாமே கழுவித் துடைத்து, பொருள்பொருளாகப் பிரித்து அடுக்கப்பட்டிருந்தன. ருக்கியா வாயில் கையை வைத்தவள், எடுக்க மறந்துபோனாள்.

“இவ்வளவையும் எந்தத் தண்ணியில கழுவினனீங்கள்?” என்று கேட்டாள் கமலாசனி.

“ஆத்துல தூக்கிட்டு வர்ற தண்ணிதாங்க. உப்புப் பட்டா இத்துப்போயிரும்ல. யாராச்சும் தேடி வருவாங்க” என்றாள் தைலம்மை, மார்க்கட்டில் போஞ்சி விலை சொல்வதுபோல.

ஒன்றரை மைல். ஏற்றம். குடிக்கிற தண்ணீர். கமலாசனி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒவ்வொன்றாய் எடுத்து, புரட்டிப் பார்த்து, இருந்த இடத்திலேயே வைத்தாள். வெளிச்சம் போகும்வரை பார்த்தாள்.

“தம்பியோடது ஏதாச்சும்…?”

“இல்லை. எல்லாம் வேற ஆரின்ரையோ தம்பியின்ர.”

பையிலிருந்த சேர்ட்டையும் துவாயையும் எடுத்துக் கடைசிப் பலகையில் வைத்தாள். விமலநாதன், இடது செருப்பின் வார் நீல நூலால் தைத்தது, என்று ஒரு துண்டில் எழுதி மேலே குத்தினாள்.

திங்கட்கிழமை கந்தோரில் உறுதிப் படிவத்தை எடுத்து, ‘உலகுக்கு உண்டாகும் பயன்’ என்ற கட்டத்தில், ‘எதுவுமில்லை. நாற்பத்திரண்டு குடும்பங்கள் குடிக்கும்’ என்று எழுதினாள். மேலதிகாரி நவரட்ணராஜா அதை வாசித்துவிட்டுக் கதிரையிலிருந்து எழும்பினார். மனைவியை இழந்த மனுஷன். இரண்டு வருடமாகக் கமலாசனிக்கு ஊர்ப் பனம்பழப் பனாட்டு கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தவர். மலைக்கடல் பற்றி மாநாடொன்றில் பேசத் தென் அமெரிக்காவுக்குப் போக அவருக்கு விசாவும் குத்தியாயிற்று.

“பிள்ளை, உமக்கென்ன விசரே? உலகத்துக்குப் பயனில்லை எண்டு எழுதினால் உலகம் காசு தருமே?”

“தராது, சேர். ஊத்து தண்ணி தரும்.”

அவர் கையெழுத்திட மாட்டேன் என்றார். அவள் கையெழுத்தில்லாமலே பதிவுத் தபாலில் அனுப்பினாள். ஒரு மாதத்தில் பதினோராம் இலக்கம் பட்டியலிலிருந்து வெட்டப்பட்டது. பன்னிரண்டாவதாயிருந்த ஏதோவொரு தவளை ஒரு படி மேலே ஏறியது. அடுத்த நாள் காலையே கடல் இறங்கிப்போயிற்று. பீலியில் நூலாக நல்ல தண்ணீர் விழுந்தது. நூல்தான், ஆனால் தண்ணீர்.

போன கடல் முழுதாகப் போகவில்லை. அமாவாசை தோறும் ஒரு மணி நேரம் பீலியில் உப்புத் தண்ணீர் வரும். அதற்கென்று பெண்கள் பானை வைத்துப் பிடித்துக்கொள்வார்கள், அன்று பன்விலத் தோட்டத்தில் யாரும் கறிக்கு உப்புப் போடுவதில்லை. வருகிற பொருட்கள் காம்பராவுக்குப் போகும். மன்னாரிலிருந்தும் மூதூரிலிருந்தும் ஆட்கள் விசாரித்துக்கொண்டு வருவார்கள். சிலர் எடுத்துக்கொண்டு போனார்கள். நீல நூல் தைத்த செருப்பை மட்டும் இன்னும் காணவில்லை, தைலம்மை பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நவரட்ணராஜா தென் அமெரிக்காவுக்குப் போகவில்லை. கடுகண்ணாவையில் மருந்துக்கடை வைத்திருந்த செசிலியா என்ற கைம்பெண்ணை முடித்துக்கொண்டு கனடாவுக்குப் போனார். பனாட்டும் கூடவே போனது. சிப்பாய்களைத் திருப்பிக் கூப்பிட்டவர்கள் கப்பல் மாத்தயாவை மறந்துவிட்டார்கள். அவன் ஊற்றுக்கு மேலே நாற்பத்திரண்டு மரங்களை நட்டான், நாற்பத்து மூன்றாவதாகத் தைலம்மையின் இளைய மகளைக் கட்டினான். தெரு இரண்டு வாரம் திகைத்துவிட்டுப் பிறகு பழகிக்கொண்டது. கமலாசனிக்கு ஒழுக்காற்று விசாரணை வைத்து, தண்டனையாகத் திருகோணமலைக்கு மாற்றினார்கள். அங்கே துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள் என்று ருக்கியா சொல்கிறாள். கல்யாணக் கார்ட்டை யாரும் காணவில்லை. ஆனால் கடிதம் வருகிறது. அந்தத் தெருவில் எல்லாக் கிணறும் உவர், அவளுடைய கிணறு மட்டும் நல்ல தண்ணீராம். குளிராக இருக்குமாம். சிலவேளை வாளியில் ஒரு தேயிலைக் கொழுந்து மிதந்து வருமாம். எடுத்து எறிந்துவிட்டுக் குடிக்கிறாளாம்.