பாலத்துக்கு வந்த கூன்

"மார்ச் 12. அளவுகோலின் ஓரத்திலிருந்து அளக்கச் சொல்லிவிட்டேன். அதில் பூஜ்யம் அரை சென்டிமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது. தவறு என்னுடையது."

வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கான மாலை வகுப்பின் இளம் ஆசிரியை, இரவில் நாட்குறிப்பில் இதை எழுதியபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. மாலையில் அழுகைதான் வந்திருந்தது. கணக்கையும் அறிவியலையும் சேர்த்து நடத்த அவளுக்குக் கிடைத்த கெடு அன்றோடு முடிந்தது. சரிவராவிட்டால் பாடங்கள் பழையபடி பிரிந்துவிடும். அதைப் பார்க்கத் தலைமையாசிரியை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

மாணவர்கள் பத்து அட்டைத் துண்டுகளை ஒட்டி, இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே பாலத்தைப் பொருத்தினார்கள். அது இடைவெளியைவிட நீண்டுபோய், கூன் போட்டு நின்றது.

"பாலமா இது, ஒட்டகமா?" என்றாள் மாணவிகளில் ஒருத்தியான தையல்காரி.

"என் பஸ் ஏறினா, வந்த வழியே உருண்டு போயிடும்மா," என்றார் பக்கத்து பெஞ்சு பஸ் ஓட்டுநர்.

ஓரத்தை நறுக்கிச் சமாளிக்கக் கத்தரிக்கோலை எடுத்த ஆசிரியை, அதைத் திரும்ப வைத்துவிட்டாள்.

"எவ்வளவு அதிகம்னு அளந்து பாருங்க."

"அஞ்சு சென்டிமீட்டர் டீச்சர். பத்துத் துண்டு... அப்ப துண்டுக்கு அரை!" என்றார் ஓட்டுநர்.

தையல்காரி அளவுகோலைத் தூக்கிப் பார்த்தாள். "அட, பூஜ்யம் ஓரத்துலயே இல்லயே! ஓரத்துல வச்சு அளக்கச் சொன்ன மகராசி யாரு?"

"நான்தான்க்கா."

வகுப்பே சிரித்தது. தலைமையாசிரியை எழுந்தார்.

"கணக்கு எங்க முடிஞ்சு அறிவியல் எங்க ஆரம்பிச்சுதுன்னே தெரியல. இப்படியே நடத்தும்மா."

நாட்குறிப்பில் அவள் கடைசி வரியை எழுதினாள்: "நாளை: பூஜ்யத்திலிருந்து அளந்து, பத்துத் துண்டுகளையும் மறுபடி வெட்ட வேண்டும்."