பெயர் வராத மெட்ச்

குருவிமலைத் தோட்டத்தில் 2019 தைப்பொங்கல் உதைபந்தாட்ட இறுதிப் போட்டியன்று, ஜௌபர் நானா ஒலிபெருக்கியில் "கோல்!" என்று கத்தி இரண்டு விநாடி கழித்துத்தான் பந்து கோலுக்குள் போனது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நானா பதுளை பஸாரில் பிளாஸ்டிக் வாளியும் பேசினும் விற்கிறவர். சொந்தமாக ஸ்பீக்கர் செட் வைத்திருந்த ஒரே காரணத்தால் வர்ணனைக்குக் கூப்பிடப்பட்டவர். அவசரக்குடுக்கை, வாய் முந்திக்கொண்டது என்று விட்டுவிட்டார்கள். அடுத்த வருடம் வாய் ஐந்து நிமிடம் முந்தியது. கொரோனாவுக்காக ஒரு வருடம் மெட்ச் நடக்கவில்லை. அதற்கடுத்த வருடம் அரை ஆட்டம் முந்தியது. பெற்றோல் வரிசைகள் ஓய்ந்த பிறகு வந்த பொங்கலில், பந்துக்குக் காற்றடிக்கும் முன்பே நானா முழு ஆட்டத்தையும் சொல்லி முடித்து, பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். ஆட்டக்காரர்கள் அதன்பிறகு இறங்கி, அவர் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் ஆடிவிட்டுப் போனார்கள். கோப்பையை யாராவது தூக்கித்தானே ஆகவேண்டும்.

தோட்டத்துக்கு இரண்டு பிரிவுகள், மேல்கணக்கும் கீழ்க்கணக்கும். இறுதிப் போட்டி என்றால் இந்த இரண்டும்தான் மோதும். அங்கே பந்து பேசுகிற பாஷையும் தேயிலை மலையிலிருந்தே வந்தது. காலோடு சேர்த்துச் சறுக்கி வெட்டினால் கவ்வாத்து, தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற வேலை. கம்பத்தில் பட்டுத் திரும்பினால் அரைப்பேரு, அதாவது அரை நாள் வேலை. சிவப்பு அட்டை காட்டினால் பத்துச்சீட்டு. அந்தக் காலத்தில் ஆளைத் தோட்டத்தைவிட்டு அனுப்பக் கொடுத்த சீட்டு. ஃப்ரீ கிக்குக்கு வரிசையாக நின்றால் பெரட்டு. காலையில் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்துவிடுவதற்கும் அதே சொல்தான். நானா பஸார்க்காரராக இருந்தாலும் இதையெல்லாம் ரேடியோக்காரர் மாதிரி ராகம் போட்டுச் சொல்லுவார். கூட்டத்திலிருந்து வருகிற வசவுக்கு மட்டும் ஓய்வுபெற்ற கங்காணி சின்னராசாதான் ராஜா. கீழ்க்கணக்கின் கீப்பர் சதீஸ்குமாருக்கு இடது பக்கம் கீழே வருகிற பந்து மட்டும் ஆகவே ஆகாது. அரை அடி பிந்தித்தான் விழுவான். விழுந்த உடனே சின்னராசா துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார். "டேய் சதீசு! எடது பக்கம் என்ன ஒம் மாமியா வூடாடா, எட்டிக்கூடப் பாக்க மாட்டேங்கிற!" மாமியாரும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார். சதீஸ்குமாரின் மனைவி நிஷாந்தினி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள்.

2025 பொங்கலில் நானாவின் வாய் அந்த வருட ஆட்டத்தைச் சொல்லி முடித்தும் நிற்கவில்லை. அடுத்த வருட இறுதிப் போட்டியைச் சொல்லத் தொடங்கியது. நிஷாந்தினி அதைப் போனில் பதிவு செய்தாள். மேல்கணக்கு ஒன்று, கீழ்க்கணக்கு பூச்சியம் என்று முடிந்த அந்த வர்ணனையில் கீழ்க்கணக்குக்காரர்கள் பத்துப் பேரின் பெயர்கள் வந்தன. சதீஸ்குமாரின் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. பந்து கோலை நோக்கி வந்த மூன்று இடங்களில் நானாவின் வாய் திறந்தபடியே நின்றது. ஸ்பீக்கரில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாளே அவள் பஸ் ஏறிக் கடைக்குப் போய்விட்டாள்.

"நானா, எங்க வூட்டுக்காரரு பேர ஏன் சொல்லல?"

"நான் எங்க புள்ள சொல்றேன், வாயில வருது. கம்பத்துக்கு நடுவுல பாத்தேன், ஆளக் காணல. அல்லாவே, எனக்கே ஒண்ணும் வெளங்கல."

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அதை விளங்கிக்கொள்ள ஒரே ஒரு வழிதான் இருந்தது. பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடவில்லை என்றால் ஆள் தோட்டத்தில் இல்லை என்று அர்த்தம். சதீஸ்குமாருக்கு வெள்ளவத்தையில் ஒரு சாப்பாட்டுக்கடையில் வேலை சரியாகியிருந்தது. மாசியில் புறப்படுவதாக இருந்தான். அப்படியென்றால் இவன் கொழும்புக்குப் போய், போனவர்கள் பலரையும் போலத் திரும்பாமலே இருந்துவிடப் போகிறான் என்று நிஷாந்தினி முடிவு கட்டினாள். அவள் அம்மாவும் அப்படியே சொன்னார், சின்னராசாவும் அப்படியே சொன்னார். அவள் அவன் பேக்கை எடுத்து ஒளித்து வைத்தாள். "நீங்க கொழும்புக்குப் போனா நான் பச்சத்தண்ணி பல்லுல படாம கெடப்பேன்" என்றாள். இரண்டு நாள் அப்படியே கிடக்கவும் செய்தாள். "சரிடி, போகல. போதுமா? எந்திரிச்சுச் சோத்தத் தின்னு" என்றான் அவன். கடைக்காரர் வேறு ஆளை எடுத்துக்கொண்டார். பொங்கல் வரைக்கும் ஆளைத் தோட்டத்தில் நிறுத்தி வைத்தால் நானாவின் வாயைப் பொய்யாக்கிவிடலாம் என்று அவள் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

கார்த்திகையில் மழை ஐந்து நாள் விடவில்லை. அவர்கள் குடியிருந்த ஆறாம் நம்பர் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே மலையில் வெடிப்பு விழுந்திருக்கிறது, இருக்கக்கூடாது என்று சொல்லி மூன்று வருடமாகிறது. போகச் சொன்னவர்கள் எங்கே போவதென்று சொல்லவில்லை. ஐந்தாம் நாள் பின்னேரம் நான்கு மணிக்கு மண் இறங்கத் தொடங்கியது. சதீஸ்குமார் மனைவியையும் மகளையும் கோயிலில் விட்டுவிட்டு வந்து, பக்கத்து வீட்டில் நடக்கமுடியாமல் கிடந்த கிழவி இராக்கம்மாவையும் முதுகில் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்தான். கிழவி தன் மருந்து எழுதிவைத்த கொப்பி உள்ளே கிடக்கிறதே என்று அழுதார். "இந்தா வந்துர்றேன்" என்று திரும்பிப் போனான். பத்தொன்பது நாள் தோண்டினார்கள். லயத்துத் தகரம் கிடைத்தது, மருந்துக் கொப்பிகூடக் கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை. "போறேன்னு நின்ன மனுசன நாந்தானே புடிச்சு வச்சேன், நாந்தானே கொன்னேன்" என்று நிஷாந்தினி கோயில் தூணில் தலையை மோதிக்கொண்டாள். பாவி மழை, மண் இறங்கிய அன்றைக்கே விட்டுவிட்டது.

பொங்கலுக்கு மெட்ச் வைப்பதா என்று இரண்டு கூட்டம் போட்டுப் பேசினார்கள். ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது, வைக்காமல் இருக்கமுடியாது என்று முடிவானது. கீழ்க்கணக்கு பத்துப் பேரோடு இறங்கியது. அவன் நின்ற இடத்தில் போய் நிற்க ஒருவருக்கும் மனம் வரவில்லை; கோல் வெறுமையாகக் கிடந்தது. நானா ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு மைக்கைத் தொடமாட்டேன் என்றுவிட்டார். "எனக்கு இனிச் சொல்ல ஒண்ணுமில்ல." எட்டாவது நிமிடம் மேல்கணக்கு ரமேஸ் அடித்த பந்து வெறும் கோலை நோக்கிப் போனது. போனில் நூறு தடவை கேட்டுக் கேட்டு நிஷாந்தினிக்கு அந்த இடம் மனப்பாடம். நானாவின் வாய் நின்றுபோன முதல் இடம் அதுதான். அவள் ஓடிப்போய் மைக்கைப் பிடுங்கினாள்.

கட்டிக்கொண்ட ஒன்பது வருடத்தில் அவள் புருசன் பெயரை நாலு பேர் முன்னால் வாயால் சொன்னதில்லை. 'அவரு', 'பாப்பா அப்பா' என்பதோடு சரி. அன்றைக்கு மலை முழுக்கக் கேட்கும்படி, பெரட்டில் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டாள். "சதீஸ்குமார்!"

பந்து கோல் வாசலில் நெஞ்சு உயரத்தில் நின்றது. ஒரு மூச்சு நேரம் அப்படியே இருந்தது. பிறகு பின்வரிசைக்காரன் காலுக்கு அளவாக உருண்டு வந்தது. ரெஃப்ரியாக வந்த ஷிபான் சேர் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். இதற்கு எதிராக ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஆட்டம் தொடரட்டும் என்று கை காட்டினார். இரண்டாவது இடத்திலும் அவள் கூப்பிட்டாள், பந்து திரும்பி வந்தது. ஊதுபத்தி கொளுத்தலாமா என்றுகூட ஒருவர் கேட்டார்.

மூன்றாவது, இரண்டாம் பாதி முடிகிற நேரம் வந்தது. பந்து இடது பக்கம், கீழே. "சதீஸ்குமார்!" என்று அவள் அலறினாள். கோல் வாசலில் சேறு தெறித்தது. ஓர் ஆள் நீளத்துக்குச் சறுக்கிய தடம் இடது பக்கமாக விழுந்து, கம்பத்துக்கு அரை அடி முன்னால் நின்றுபோனது. பந்து உள்ளே போய்விட்டது.

மேல்கணக்குக்காரர்கள் உட்பட எல்லோரும் அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது, துண்டை உதறிக்கொண்டு சின்னராசா எழுந்தார். "டேய் சதீசு! எடது பக்கம் என்ன ஒம் மாமியா வூடாடா!" நிஷாந்தினி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பக்கத்தில் நின்ற நானாவுக்கே தெரியவில்லை. "அவரேதான்" என்று மைக்கில் சொன்னாள்.

அடுத்த பொங்கலுக்கான ஆட்டக்காரர் பட்டியலிலும் கீழ்க்கணக்கின் கீப்பர் சதீஸ்குமார்தான். நிஷாந்தினி பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வருகிற பின்னேரங்களில் மைதானத்தில் இறங்கி, வெறும் கோலுக்கு இடது பக்கம் கீழேயே பந்தை உருட்டிவிடுகிறாள். யாராவது கேட்டால், பழகட்டும் என்கிறாள்.